'பேசுறவங்க பேரை எழுது' இனி வேண்டாம்... சப்ஸ்டிட்யூஷன் பீரியடை கலகலப்பாக்கும் 10 ஆக்டிவிட்டிகள்!

ரெண்டாவது பீரியட் பெல் அடிக்கிறது. ஸ்டாஃப் ரூமில் இப்போதுதான் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறீர்கள். டைம்டேபிள் பார்க்கும் சீனியர் டீச்சர் ஒரு சீட்டை நீட்டுகிறார். "எட்டாவது பி செக்‌ஷன்ல சயின்ஸ் டீச்சர் இன்னிக்கு லீவு. கொஞ்சம் பார்த்துக்கோங்கம்மா."

'பார்த்துக்கோங்க'ன்னா என்ன அர்த்தம்? பெரும்பாலான பள்ளிகளில் ஒரே அர்த்தம்தான். சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடனே கிளாஸ் லீடர் எழுந்து, சாக்பீஸை எடுத்து, போர்டின் ஓரத்தில் 'பேசுபவர்கள்' என்று தலைப்பு போட்டு ஒரு கோடு இழுப்பான். நாமும் அதே பெஞ்சில் உட்கார்ந்து வந்தவர்கள்தானே... அந்த லிஸ்ட்டில் நம் பெயர் எத்தனை முறை வந்தது, அதில் எத்தனை முறை உண்மையிலேயே பேசினோம் என்பது நமக்குத் தெரியும்!

இப்போது நீங்கள் டீச்சர் நாற்காலிப் பக்கம் நிற்கிறீர்கள். பி.எட். டீச்சிங் பிராக்டிஸுக்கு வந்தவராக இருக்கலாம். தனியார் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம். 2022-ல் தமிழக அரசு, காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்ப அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று அப்போது அறிவித்தார்கள். அப்படி வந்தவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் பிரச்னை ஒன்றுதான். முன்னே பின்னே தெரியாத 45 பசங்க, கையில் 40 நிமிடம், ஒரு சாக்பீஸ்.

ஆனால், ரெகுலர் டீச்சருக்குக் கிடைக்காத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. போர்ஷன் முடிக்கும் அவசரம் இல்லை. மார்க் போடும் வேலை இல்லை. 'இவன் மக்கு, இவ முதல் ரேங்க்' என்ற முன்முடிவும் இல்லை. வருஷம் முழுக்க வாயே திறக்காத ஒரு பிள்ளை பேச வாய்ப்புள்ள பீரியட் எது என்றால், அது இதுதான். அதைப் பெயர் எழுதியே கழிக்கலாமா?

செலவே இல்லாமல், ரஃப் நோட்டும் சாக்பீஸும் வைத்துச் செய்யக்கூடிய 10 ஆக்டிவிட்டிகள் இங்கே. சேவ் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பெல் அடித்த பிறகு தேட நேரம் இருக்காது.

வகுப்புக்குள் போகும் முன் 3 கேள்விகள்

வராண்டாவில் நடக்கும்போதே பக்கத்து வகுப்பு டீச்சரிடமோ, லீடரிடமோ இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

1. லீவில் இருக்கும் டீச்சர் ஏதாவது வேலை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாரா? கொடுத்திருந்தால் அதற்குத்தான் முதலிடம். அதை முடித்த பிறகு மீதி நேரத்தில் ஆக்டிவிட்டி.

2. பக்கத்து வகுப்பில் டெஸ்ட் நடக்கிறதா? நடந்தால் சத்தம் வராத ஆக்டிவிட்டியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. காது சரியாகக் கேட்காத, பார்வைக் குறைபாடு உள்ள, வலிப்பு போன்ற பிரச்னை உள்ள பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா? 'எல்லோரும் எழுந்து ஓடி வந்து நில்லுங்க' என்று சொல்வதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். உங்கள் பாடம் கணக்கு என்பதற்காக சயின்ஸ் பீரியடில் போய்க் கணக்குப் பாடம் நடத்தாதீர்கள். 'பி.இ.டி. பீரியடை மேத்ஸ் சார் எடுத்துக்கிட்டார்' என்ற கடுப்பு நமக்கே இன்னும் போகவில்லையே!

முதல் 5 நிமிடம்: கத்தாமல் ஆரம்பிப்பது எப்படி?

உள்ளே போனதும் "சைலன்ஸ்!" என்று கத்தினால், அதிகபட்சம் 2 நிமிடம் அமைதி கிடைக்கும். அப்புறம் இன்னும் சத்தமாகக் கத்த வேண்டி வரும். அதற்குப் பதிலாக, எதுவும் பேசாமல் போர்டில் ஒரு புதிரை எழுத ஆரம்பியுங்கள். "என்னது மிஸ் அது?" என்று முன் பெஞ்சில் யாராவது ஒருவர் கேட்பார். மற்றவர்கள் திரும்புவார்கள். அதன் பிறகு உங்கள் பெயரைச் சொல்லிப் பேச ஆரம்பிக்கலாம்.

அடுத்தது, பெயர்கள். 45 பேரின் பெயரை மனப்பாடம் செய்ய முடியாது. ரஃப் நோட்டில் பாதித் தாளைக் கிழித்து, கூடாரம் மாதிரி மடித்து, பெயர் எழுதி டெஸ்க்கில் வைக்கச் சொல்லுங்கள். 2 நிமிட வேலை. "ஏய், நீ... அந்த செவப்பு ரிப்பன்" என்று கூப்பிடுவதற்கும், "கயல்விழி, நீ சொல்லும்மா" என்று கூப்பிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

கேள்வி கேட்டால் கொஞ்சம் காத்திருங்கள். அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, இதை வகுப்பறைகளில் அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு, சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மனசுக்குள் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணுங்கள். அவ்ளோதான்.

1. எங்கே சுற்றினாலும் 6174

வகுப்பு: 5 முதல் 10 வரை. நேரம்: 15 நிமிடம். தேவை: ரஃப் நோட்டு.

ஏதாவது ஒரு 4 இலக்க எண்ணை எழுதச் சொல்லுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. அந்த இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் ஓர் எண் வரும். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் இன்னோர் எண் வரும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வரும் விடையை வைத்து மறுபடியும் இதையே செய்ய வேண்டும்.

உதாரணத்துக்கு 3524. 5432-லிருந்து 2345-ஐக் கழித்தால் 3087. அடுத்து 8730-லிருந்து 0378 போனால் 8352. பிறகு 8532-லிருந்து 2358 போனால் 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174-தான் வரும்.

ஆளுக்கொரு எண்ணை எடுத்திருப்பார்கள். 7 சுற்றுக்குள் மொத்த வகுப்பும் 6174-ல் வந்து நிற்கும். 'எனக்கும் அதான் வந்துச்சு' என்று வகுப்பு முழுக்கக் குரல்கள் கேட்கும். வராதவர்களுக்குக் கழித்தலில் எங்கேயோ பிசகியிருக்கிறது. பக்கத்தில் இருப்பவரே கண்டுபிடித்துத் திருத்திக் கொடுப்பார். விடை 999 என்று வந்தால் அதை 0999 என்று எழுத வேண்டும். முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டால் கணக்கு உதைக்கும்.

முடிவில் இதைச் சொல்லுங்கள். இந்த விநோதத்தைக் கண்டுபிடித்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேக்கர். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. மகாராஷ்டிராவில் நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் வேலை பார்த்த பள்ளி ஆசிரியர்.

3 இலக்க எண்ணில் செய்தால் எந்த எண்ணில் வந்து நிற்கும்? அதை வீட்டுக்குப் புதிராகக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு மட்டும் விடை: 495.

2. சொற்சங்கிலி, ஒரு ட்விஸ்ட்டோடு

வகுப்பு: 3 முதல் 9 வரை. நேரம்: 10 நிமிடம். தேவை: எதுவும் இல்லை.

ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் ஆரம்பிக்க வேண்டும். பழைய விளையாட்டுதான். ஆனால், தமிழில் இது சீக்கிரமே முட்டிக்கொண்டு நிற்கும். 'மஞ்சள்' என்று சொன்னால் 'ள்'-ஐ வைத்து என்ன செய்வது?

அதனால் ஒரு விதி. கடைசி எழுத்தில் சொல் தொடங்காது என்றால், அதற்கு முந்தைய எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள், சங்கு, குதிரை, திசை, சைகை, கைதி, திமிங்கலம் என்று சங்கிலி ஓடும். 'ம்' மாதிரி மெய்யெழுத்தில் முடிந்தால், ம, மா, மி, மீ என அந்த வரிசையில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ட்விஸ்ட் இதுதான். எந்தெந்த எழுத்தில் மாட்டிக்கொண்டார்களோ, அதையெல்லாம் ஒரு பையனைப் போர்டில் குறிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற வரிசைகள் போர்டில் வந்து நிற்கும். "ரோஜா இருக்கே சார்!", "லாரி இருக்கே மிஸ்!" என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ரோஜா, லாரி, டீ எல்லாம் வேறு மொழியிலிருந்து வந்தவை, தமிழ்ச் சொற்கள் இந்த 8 வரிசையில் தொடங்குவதில்லை என்று அப்போது சொல்லுங்கள். இலக்கணப் பாடத்தில் 'மொழிமுதல் எழுத்துகள்' என்று வருவதை விளையாடியே கண்டுபிடித்திருப்பார்கள்.

3. ரெண்டு நிஜம், ஒரு பொய்

வகுப்பு: 4 முதல் 12 வரை. நேரம்: 15 நிமிடம். தேவை: ஆளுக்கொரு துண்டுத் தாள்.

ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று வாக்கியம் எழுத வேண்டும். இரண்டு நிஜம், ஒன்று பொய். எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் நீங்கள் உங்களைப் பற்றி எழுதிக் காட்டுங்கள். "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஏழாவதுல கணக்குல ஃபெயில் ஆனேன். எங்க வீட்ல மூணு பூனை இருக்கு." டீச்சர் ஃபெயில் ஆகியிருப்பாரா இல்லையா என்பதில் வகுப்பே இரண்டாகப் பிரியும்!

45 பேரும் பேச நேரம் இருக்காது. பெஞ்சுக்குள் விளையாடிவிட்டு, பெஞ்சுக்கு ஒருவர் மட்டும் எல்லோருக்கும் சொல்லலாம். பாடத்தை ஒட்டி வேண்டுமென்றால், படித்த பாடத்திலிருந்தே இரண்டு நிஜமும் ஒரு பொய்யும் எழுதச் சொல்லுங்கள். பொய்யைப் பொருத்தமாக எழுத, புத்தகத்தை ஒழுங்காகப் படித்தாக வேண்டும்.

4. பேப்பரை மடித்து நிலாவுக்குப் போகலாம்

வகுப்பு: 6 முதல் 10 வரை. நேரம்: 15 நிமிடம். தேவை: பழைய நியூஸ் பேப்பர்.

ஒரு தாளை எத்தனை முறை பாதியாக மடிக்க முடியும்? எல்லோரும் 10, 15, 20 என்று ஏலம் விடுவார்கள். செய்யச் சொல்லுங்கள். ஆறு, ஏழு மடிப்பில் திணறிவிடுவார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் அடுக்கு இரட்டிப்பாவதுதான் காரணம். ஏழாவது மடிப்பில் 128 அடுக்கு!

இப்போது கணக்குக்கு வாருங்கள். தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மடிப்பில் சுமார் 10 சென்டிமீட்டர். 20 மடிப்பில் சுமார் 105 மீட்டர், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையே தாண்டிவிடும். 30 மடிப்பில் 107 கிலோமீட்டர். 42 மடிப்பு மடிக்க முடிந்தால் சுமார் 4.4 லட்சம் கிலோமீட்டர். நிலாவின் சராசரி தூரமே 3,84,400 கிலோமீட்டர்தான்.

'7-க்கு மேல முடியவே முடியாது' என்று யாராவது அடித்துச் சொன்னால், பிரிட்னி காலிவன் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பள்ளி மாணவியாக இருந்தபோது, 2002-ல் சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள டாய்லெட் பேப்பரை 12 முறை மடித்துக் காட்டினார். எவ்வளவு நீளம் தேவை என்பதற்கு ஒரு சூத்திரமும் கண்டுபிடித்தார்.

5. பேசாமல் பிறந்தநாள் வரிசை

வகுப்பு: 4 முதல் 10 வரை. நேரம்: 10 நிமிடம். தேவை: கொஞ்சம் நடக்க இடம்.

பத்து பேரைக் கூப்பிடுங்கள். வாயைத் திறக்காமல், எழுதிக் காட்டாமல், ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை பிறந்தநாள் வரிசையில் நிற்க வேண்டும். விரல், கண், தலையாட்டல் மட்டும்தான் பாஷை. நின்ற பிறகு ஒவ்வொருவராகத் தேதியைச் சொல்லிச் சரிபார்க்கலாம். பக்கத்து வகுப்பில் டெஸ்ட் நடந்தாலும் இதைச் செய்யலாம்.

அடுத்து ஒரு பந்தயம். 'இந்த கிளாஸ்ல ரெண்டு பேருக்காவது ஒரே நாள்ல பிறந்தநாள் இருக்கும்னு நான் சொல்றேன்.' வருஷத்துக்கு 365 நாள், இருப்பதோ 40 பேர், சான்ஸே இல்லை என்பார்கள். உண்மையில் 23 பேர் இருந்தாலே பாதிக்கும் மேல் வாய்ப்பு உண்டு. 40 பேர் என்றால் சுமார் 89 சதவிகிதம். நீங்கள் தோற்கவும் வாய்ப்பு இருக்கிறது. தோற்றால் ஜாலியாக ஒப்புக்கொள்ளுங்கள், பசங்களுக்கு அது இன்னும் பிடிக்கும்.

6. வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு மேப்

வகுப்பு: 3 முதல் 8 வரை. நேரம்: 25 நிமிடம். தேவை: தாள், பென்சில்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொல்லுங்கள். டீக்கடை, அரச மரம், குரைக்கும் நாய், தண்ணீர் தேங்கும் இடம் எல்லாம் வரலாம். பிறகு நான்கு கேள்விகள் போதும். பள்ளி எந்தத் திசையில் இருக்கிறது? எத்தனை முறை திரும்புகிறாய்? வழியில் உனக்குப் பிடித்த இடம் எது? பயமான இடம் எது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பெரியவர்களிடம் சொல்லாத விஷயம் சில நேரம் படத்தில் வந்துவிடும். லாரி வேகமாக வரும் கிராஸிங், குடித்துவிட்டு வம்பு செய்பவர்கள் நிற்கும் முனை என்று எதையாவது குறித்திருந்தால், வகுப்பில் அதை விசாரிக்க வேண்டாம். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, வகுப்பாசிரியரிடமோ எச்.எம்-மிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

7. ஆளுக்கொரு துண்டு

வகுப்பு: 6 முதல் 12 வரை. நேரம்: 35 நிமிடம். தேவை: பாடப்புத்தகம்.

'இந்தப் பாடத்தைப் படிக்கச் சொல்லுங்க' என்று ரெகுலர் டீச்சர் சொல்லிவிட்டுப் போயிருந்தால் இதுதான் கைகொடுக்கும். பாடத்தை நான்கு துண்டாகப் பிரியுங்கள். நான்கு நான்கு பேராகக் குழு. குழுவில் ஆளுக்கொரு துண்டு. முதலில் ஒரே துண்டைப் பெற்றவர்கள் சின்னச் சின்ன வட்டமாகச் சேர்ந்து படித்துப் பேச வேண்டும். பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பி, தன் துண்டை மற்ற மூவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கடைசியில் மொத்தப் பாடத்திலிருந்தும் 5 கேள்வி கேளுங்கள்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில ஆஸ்டின் நகரத்தில், வெள்ளை, கறுப்பு, ஹிஸ்பானிக் மாணவர்கள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது பகையும் பதற்றமும் அதிகமாக இருந்தது. உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரிடமும் மற்றவருக்குத் தேவையான ஒரு துண்டு இருப்பதால், யாரையும் ஒதுக்கிவிட்டுப் பாடத்தை முடிக்க முடியாது. 'அவன்கூட உட்கார மாட்டேன்' என்ற பேச்சு நம் வகுப்பறைகளிலும் கேட்கத்தானே செய்கிறது? அதனால் குழுக்களை நீங்களே 1, 2, 3, 4 என்று எண்ணவிட்டுப் பிரியுங்கள். அவர்களாகச் சேர விடாதீர்கள்.

8. ஆடுபுலி ஆட்டம்

வகுப்பு: 5 முதல் 12 வரை. நேரம்: 25 நிமிடம். தேவை: ரஃப் நோட்டு, புளியங்கொட்டை அல்லது பட்டன்.

மொபைல் கேமுக்குப் பழகிய பசங்களையும் இழுத்து உட்காரவைக்கும் நம்ம ஊர் ஆட்டம். பொதுவாக 3 புலி, 15 ஆடு. ஊருக்கு ஊர் கோடும் எண்ணிக்கையும் கொஞ்சம் மாறும். ஆடுகளை ஒவ்வொன்றாகக் கட்டத்தில் வைக்க வேண்டும். புலி, ஆட்டைத் தாண்டிக் குதித்து அதை வெட்டும். நகர வழியில்லாமல் புலிகளை ஆடுகள் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

கட்டம் போடத் தெரிந்த பிள்ளை ஒருவராவது வகுப்பில் இருப்பார். தாத்தாவோ பாட்டியோ கோயில் திண்ணையில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு போர்டில் வரையச் சொல்லுங்கள். அன்றைக்கு அவர்தான் டீச்சர், நீங்கள் ஸ்டூடன்ட்.

9. விடுகதை ஃபேக்டரி

வகுப்பு: 3 முதல் 8 வரை. நேரம்: 15 நிமிடம். தேவை: எதுவும் இல்லை.

தெரிந்த விடுகதையைச் சொல்லக் கூடாது. வகுப்பில் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளை வைத்துப் புதிதாக உருவாக்க வேண்டும். நீங்கள் ஓர் உதாரணம் கொடுங்கள்: 'எழுதுனதை எல்லாம் தின்பேன், வயிறு மட்டும் ரொம்பாது. வெளியே கொண்டுபோய்த் தட்டினா வெள்ளையா தும்முவேன். நான் யார்?' டஸ்டர் என்று யாராவது கத்துவார்கள். மின்விசிறி, ஜன்னல் கம்பி, டிபன் பாக்ஸ், மணி என்று அவர்களே கிளம்பிவிடுவார்கள்.

இங்கே 'யோசி, ஜோடி சேர், சொல்' என்ற வரிசை நன்றாக வேலை செய்யும். அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981-ல் முன்வைத்த முறை இது. முதலில் 2 நிமிடம் தனியாக யோசிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகுதான் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். ஒருமுறை பக்கத்தில் சொல்லிப் பார்த்ததால், கூச்சப்படும் பிள்ளையும் எழுந்து நிற்கும்.

10. மழை வருது, மழை வருது

வகுப்பு: எல்.கே.ஜி முதல் 3 வரை. நேரம்: 10 நிமிடம். தேவை: கைகள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன பல விஷயங்கள் செட் ஆகாது. அவர்களுக்கு இது. நீங்கள் செய்வதை வரிசை வரிசையாகப் பின்பற்ற வேண்டும். உள்ளங்கைகளைத் தேய்த்தால் காற்று. ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டினால் தூறல். இரண்டு, மூன்று, நான்கு விரல் என்று கூடினால் மழை வலுக்கும். தொடையில் தட்டினால் கொட்டும் மழை. காலால் தரையில் மிதித்தால் இடி. பிறகு அதே வரிசையில் பின்னோக்கி வந்து, கடைசியில் கைகளைத் தேய்த்து, முழு அமைதியில் நிறுத்துங்கள்.

'சைலன்ஸ்' என்று ஒரு முறைகூடச் சொல்லாமல் 40 வாண்டுகள் அமைதியாக இருப்பார்கள். அந்த அமைதியில் ஒரு கதையை ஆரம்பித்துவிடுங்கள்.

பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு?

போர்டு எக்ஸாம் வகுப்பில் போய் 'கேம் விளையாடலாமா?' என்றால், 'மிஸ், படிக்க விடுங்க' என்று சொல்லும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். அங்கே வேலையை மாற்றுங்கள். 'நீங்களே கொஸ்டின் பேப்பர் செட் பண்ணுங்க.' குழுவுக்கு ஒரு பாடம். ஒரு மதிப்பெண் கேள்வி 5, இரண்டு மதிப்பெண் கேள்வி 3, ஐந்து மதிப்பெண் கேள்வி 1. விடையையும் தனித்தாளில் எழுத வேண்டும். குழுக்கள் தாளை மாற்றி எழுதிப் பார்க்கலாம். தூங்க நினைப்பவர் இருந்தால், 'உடம்பு சரியில்லையா?' என்று ஒரு முறை கேட்டுவிட்டு விடுங்கள். இரவு முழுக்கப் படித்திருக்கலாம். வீட்டில் வேறு ஏதோ நடந்திருக்கலாம்.

சொதப்பக் கூடாத 5 இடங்கள்

* மொபைலை எடுக்காதீர்கள். வகுப்பு கலகலப்பாக இருக்கும்போது ஒரு ரீல்ஸ் எடுத்துப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பொதுவெளியில் போட, பெற்றோரோ பள்ளியோ உங்களுக்கு அனுமதி தரவில்லை. தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையின் வீடியோ வைரலானால், அதன் பிறகு அந்தப் பிள்ளை வாய் திறக்குமா?

* கை நீட்டாதீர்கள், மட்டம் தட்டாதீர்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17-ல் அடிப்பதை மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 'முட்டி போடு' என்பதும், 'உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு?' என்பதும் ஒழுங்குபடுத்தல் ஆகாது.

* சில கேள்விகள் வேண்டாம். அப்பா என்ன வேலை பார்க்கிறார், எந்தத் தெரு, போன டெஸ்ட்டில் எத்தனை மார்க் போன்றவற்றை எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். எந்தத் தெரு என்ற கேள்விக்குப் பின்னால் சாதி ஒளிந்திருப்பது பிள்ளைகளுக்கும் தெரியும். மேப் வரையும்போதுகூடத் தெருப் பெயர் கேட்க வேண்டாம். மரமும் கடையும் போதும்.

* பாய்ஸ் வெர்சஸ் கேர்ள்ஸ் வேண்டாம். சீக்கிரம் சூடு பிடிக்கும். அதே வேகத்தில் சண்டையாகவும் மாறும். ஜன்னல் பக்கம், வாசல் பக்கம் என்று பிரித்தால் போதும்.

* யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். 'டீ வாங்கிட்டு வா', 'வெளியே போய் நில்லு' இரண்டுமே கூடாது. அந்த 40 நிமிடத்துக்கு 45 பேருக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை

இரண்டு சாக்பீஸ், பாதியாக வெட்டிய பழைய தாள்கள் ஒரு கட்டு, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, ஒரு பழைய நியூஸ் பேப்பர், நான்கு பென்சில். பேனா கொண்டுவராத பிள்ளை எப்படியும் இருக்கும், 'ஏன் கொண்டுவரலை?' என்று விசாரிக்காமல் ஒரு பென்சிலைக் கொடுத்துவிடலாம்.

கடைசி 5 நிமிடம்: ஒரு சீட்டு

பெல் அடிக்க 5 நிமிடம் இருக்கும்போது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பெஞ்சுகளை நேராக்கி, குப்பையை எடுத்து, போர்டைத் துடைக்கச் சொல்லுங்கள். அடுத்த டீச்சர் உள்ளே வரும்போது 'நேத்து எவ வந்தா இங்க?' என்று முகம் சுளிக்கக் கூடாது, பாருங்கள்!

அந்த நேரத்தில் நீங்கள் ஒரு சீட்டு எழுதுங்கள். லீவில் இருக்கும் டீச்சருக்கு. நாலே வரி போதும்.

'மேடம், உங்கள் 8-பி வகுப்புக்கு இன்று வந்தேன். 43 பேர் வந்திருந்தார்கள். நீங்கள் கொடுத்த படத்தை 31 பேர் முடித்துவிட்டார்கள். மீதி நேரத்தில் 6174 புதிர் செய்தோம். கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பையன்தான் முதலில் முடித்தான். பக்கத்தில் இருந்த மூன்று பேருக்கும் அவனே சொல்லிக் கொடுத்தான்.'

பொதுவாக சப்ஸ்டிட்யூஷன் முடிந்து ரெகுலர் டீச்சரிடம் போவது பேசியவர்களின் பெயர் லிஸ்ட்தான். லீவு முடிந்து வருபவர் அதைப் பார்த்துவிட்டு, வந்ததும் வராததுமாகத் திட்டுவார். இந்தச் சீட்டில் அந்தப் பையனின் பெயரை மறக்காமல் எழுதுங்கள். டெஸ்க்கில் அவன் மடித்து வைத்த தாளில் இருக்கிறது. நாளை காலை அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது, அந்தப் பெயர் வந்ததும் அவர் ஒரு நொடி நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்ப்பார்.